ஏரியும் தொட்டியும்: மணிமங்கலச் சூழலில் ஒரு சொல்லாராய்ச்சி

செங்கற்பட்டுச் சீமையின் பழைய வருவாய் ஏடுகளை ஆராயப் புகும் மாணவர் முதற்கண் இடறுவது ‘டேங்க்’ என்னும் சொல்லிலேயாம். கும்பினி ஆட்சியின் அலுவலர் ஏரியை அச்சொல்லால் குறித்தனர். இன்று திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் உள்ள ஊர்களிலும் அச்சொல் வழங்குகின்றது, பொருள்தான் வேறு. ஊர் நடுவே தூண்களின்மேல் நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியையே இன்று ‘டேங்க்’ என்கின்றனர். ஏரி ஏரியாகவே நின்றுவிட்டது. இதனால் நேர்ந்த விளைவு ஒன்றுண்டு. பழைய ஏட்டில் ‘டேங்க்’ என்று படிக்கும் இளைஞர் தம்மையறியாமலே ஒரு தொட்டியை எண்ணிக் கொள்கின்றனர்: நான்கு புறமும் அடைபட்டது, இவ்வளவு கொள்வது, நிறைந்தால் போதுமானது என்று. ஏரியைப் பற்றி அண்மையில் எழுந்த கட்டுரைகள் பலவும் கொள்ளளவையே பேசுவதற்கு இச்சொல்லும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் காட்டும் ஏரி இத்தகையதன்று. அது நீர் செல்லும் வழியில் அமைந்த ஒரு தங்கலிடம். தனக்கு மேலுள்ள ஊருக்கும் கீழுள்ள ஊருக்கும் கட்டுப்பட்டது. இதனை மணிமங்கலத்தையும் அதன் சூழலையும் நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வோம்.

மணிமங்கலம் தாம்பரத்திற்கு மேற்கே, திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் அண்மையில் உள்ள பழம்பதி. சோழர் கல்வெட்டுக்கள் இதனைச் செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டு ஊர் என்று குறிக்கும். முதல் இராசாதிராசன், வீரராசேந்திரன் ஆகியோர் காலத்து நீண்ட மெய்க்கீர்த்திகள் இவ்வூர்க் கோயிற் சுவர்களில் உள்ளமையால் வரலாற்று மாணவர் அனைவரும் இதன் பெயரை அறிவர். அதற்கும் நான்கு நூற்றாண்டுகட்கு முன்பே, பல்லவன் முதல் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட போர்க்களங்களுள் ஒன்றாக இவ்வூர் பெயர் பெற்றுவிட்டது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என அக்களங்களை அடுக்கிக் கூறுவது முதல் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. ஹுல்ட்ஸ் அவர்கள் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் பகுதியிலேயே இச்செப்பேடு அச்சேறியது. அன்று தொட்டு அறிஞர் பலரும் அதன் வடமொழிப் பகுதியில் உள்ள போர்ச்செய்திகளை எடுத்தெடுத்து ஆண்டனர். அதே செப்பேட்டின் தமிழ்ப் பகுதி வேறொன்றைச் சொல்கின்றது: காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில் பரமேசுவர தடாகம் என்னும் ஏரி அமைந்தது, அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் தோண்டி நீர் கொணரப்பட்டது. போரைப் படித்த அளவு இக்காலை நாம் படித்தோமில்லை.

இக்கால் நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. பல்லவர் காலத்திலேயே ஏரியைக் கட்டுவோர் அதற்கு நீர் வரும் வழியையும் உடன் கட்டினர். வழிக்கும் ஏரியைப்போலவே பெயரிட்டனர். மகேந்திரவாடியில் முதல் மகேந்திரவர்மன் குடைந்த திருமால் கோயிலின் கல்வெட்டு அக்கோயிலை மகேந்திர தடாகத்தின் கரையிலது என்று அடையாளம் கூறும். மாமண்டூரில் சித்திரமேக தடாகமும், உத்திரமேரூரில் வைரமேக தடாகமும் இவ்வாறே பெயர் பெற்றவை. வெங்கையா அவர்கள் தொல்லியல் துறையின் 1903-04ஆம் ஆண்டறிக்கையில் தென்னாட்டுப் பழைய நீர்ப்பாசனம் பற்றி எழுதியபோது இவ்வேரிகளை முறையாகத் தொகுத்துக் காட்டினார். அக்கட்டுரைக்குப் பின்னும் ஏரிப்பெயர்ப் பட்டியல்கள் வளர்ந்தன. ஏரி எவ்வாறு வேலை செய்தது என்னும் வினா பெரிதும் பொறியியலார்க்கே விடப்பட்டது. சொற்களைக் கொண்டு அவ்வினாவை அணுகுதல் தமிழ்த்துறையாரின் கடமையாகும்.

முதலில் நில அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெல்லச் சரிகின்றது. இச்சரிவின் குறுக்கே, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வளைந்த மண்கரை எழுப்பினால் அதுவே ஏரி. மேற்பக்கம் திறந்தே இருக்கும். மழைநீரும் கால்நீரும் அவ்வழியே வந்து சேரும். பாரியின் பறம்பு நாட்டுச் சிறுகுளத்தைப் பாடிய கபிலர் அதன் கரைக்கு எட்டாம்நாள் திங்களை உவமை கூறியது புறநானூறு பயின்றோர் அறிந்ததே. அவ்வுவமையின் அழகை உரையாசிரியர் பலரும் பாராட்டுவர். அது வடிவத்தைச் செப்பமாகச் சொல்லும் ஓர் அளவைக் கூற்றும் ஆகும் என்பதை அவர் கூறுவதில்லை. முழுமதியாகக் கரை கட்டினால் உள்ளே நீர் வாராது.

கரைக்கு உட்பட்ட நீர்பரப்பை ‘உள்வாய்’ என்றனர். கரையின் அடியில் நீர் வெளியேறும் வாய் ‘தூம்பு’, ‘மதகு’, ‘மடை’ எனப் பலவாறு வழங்கும். தூம்பு என்பதற்கு உட்டுளை உடையது என்பதே அடிப்படைப் பொருள். மூங்கிற் குழாயும் ஒருவகைக் குழலிசைக் கருவியும் அப்பெயர் பெறும். எனவே ஏரித்தூம்பு என்பது கரையின் அடியிற் செல்லும் கற்குழாயே என்பது சொல்லாலேயே போதரும். அதன் அமைப்பு நுட்பமானது. ஏரியின் உள்ளே, கரையிலிருந்து சிறிது தள்ளி, கற்பலகைகளால் ஒரு பெட்டி அமைப்பர். அதன் மேற்பலகையில் ஒரு வட்டத்துளை இருக்கும். இருபுறமும் நெடிய கற்றூண்கள் நட்டு, அவற்றிடையே துளையுடைய குறுக்குக் கற்களைப் பொருத்தி, அத்துளைகளின் வழியே ஒரு கழியை இறக்குவர். கழியின் நுனியிலுள்ள கூம்பு வடிவான அடைப்பு மேற்பலகைத் துளையிற் சென்று பொருந்தும். கழியை உயர்த்திய அளவே நீர் உட்புகும். கரையின் அடியாகச் சென்று புறத்தே வாய்க்காலில் விழும். புதுக்கோட்டைப் பகுதியிலும் பாண்டிநாட்டிலும் இது ‘குமிழி’ எனப்படும். ஆங்குள்ள குமிழிகளில் நீர் புகும் மேல்துளையை நீரோடி என்றும், அடியில் சேறு கலந்த நீர் புகும் சிறுதுளையை சேறோடி என்றும் பிரித்தறிவர். பாசனம் நடக்கும்போதே ஏரியின் அடிச்சேறும் சிறிது சிறிதாக வயலுக்குச் சென்று எருவாகும்.

இவ்விடத்து ஒன்று கூறிச் செல்வோம். மடையைத் திறக்க நீரில் மூழ்கியவனே ‘மடையன்’, அத்தியாகியின் பெயரே வசைச்சொல்லாயிற்று என்னும் செய்தி இக்காலத்து மிகப் பரவியுள்ளது. மடை என்பதற்குச் சோறு, சமையல் என்ற பொருளும் உண்டு. மடையன் என்பதற்குச் சமையற்காரன் என்ற பொருளைத் தமிழ்ப் பேரகராதி தருகின்றது. அறிவிலி என்னும் வசைப்பொருள் நீர்மடையிலிருந்து வந்ததென்பதற்கு இலக்கியச் சான்று யாதும் காட்டப்படவில்லை. தொண்டை நாட்டில் ‘நீர்கட்டி’, ‘நீர்பாய்ச்சி’ எனவும் தெற்கே ‘மடைக்குடும்பன்’ எனவும் அவ்வேலையாளர்க்கு உண்மையான பெயர்கள் இருக்க, புனைந்த சொற்பிறப்பால் அவர்க்குப் பெருமை தேட வேண்டுவதில்லை.

தூம்பினும் அருமையான உறுப்பு ‘கலிங்கு’. கலிங்கல் எனவும் இதனை வழங்குவர். மண்கரைக்கு மேலாக நீர் வழியலாகாது; ஒரு சாண் வழிந்தாலும் அவ்விடம் அறுபட்டு, சிறிது நேரத்தில் கரை முழுதும் போய்விடும். ஆகவே கரையின் ஒரு முனையில், கெட்டியான நிலத்தில், கரையினும் தாழ்வாக ஒரு கல்வாய் அமைத்து, மிகுந்த நீர் அதன்வழியே செல்ல விடுவர். இவ்வளவும் பொறியியல். அதன் உயரத்தை யார் முடிவு செய்வது என்னும் வினாவில்தான் வரலாறு தொடங்குகின்றது. கலிங்கின் உயரம் ஒரு சாண் கூடினால் ஏரியின் கீழ்ப்பாசனத்தார்க்கு ஒரு போகம் உறுதியாகலாம். அதே ஒரு சாணால் உள்வாய்க்கு மேலே பயிரிடும் அயலூராரின் வயல் மூழ்கும். கலிங்கு வழியே செல்லும் நீரை எதிர்பார்த்துக் கீழே இன்னோர் ஏரி காத்திருக்கும். கலிங்கை உயர்த்தினால் அவ்வேரிக்கு நீர் காலந்தாழ்த்துச் சேரும். மூன்று ஊர்களின் நன்மை தீமை ஒரு கல்லின் தலையில் அமைந்திருந்தது என்றால் மிகையாகாது.

அதனால் கலிங்கின்மேல் குத்துக்கற்களை வரிசையாக நட்டு வைத்தனர். பருவமழையின் வேகம் தணிந்தபின், கற்களின் இடையே மண்ணும் புல்கட்டியும் இட்டு அடைத்துச் சிறிது நீரைக் கூடுதலாக நிறுத்திக் கொள்ளலாம்; அடுத்த மழைக்கு முன் அவ்வடைப்பை நீக்கிவிட வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது எடுப்பது என்பன ஊர் வழக்கு. இரவில் ஒருவர் அடைக்க, மற்றவர் சென்று பிடுங்குதலும், அதன்பொருட்டு வழக்காடுதலும் செங்கற்பட்டுக் கிராமங்களில் புதியன அல்ல. வன்மையான கரையின் இடையே கையால் எடுக்கக் கூடிய புல்கட்டியை வைத்தமை அறியாமையன்று. கண்டார் எவரும் மாற்றியதை அறியும்படியும், வெள்ளம் மிஞ்சினால் முதலில் அதுவே போகும்படியும் அமைந்த ஏற்பாடு அது.

ஏரிகளின் தொடர்ச்சியை இக்கலிங்குகளே உண்டாக்குகின்றன. மேலேரி நிறைந்து கலிங்கு பாய்ந்தால், அம்மிகைநீர் ஓடையாகச் சென்று கீழேரியை அடையும், அங்கிருந்து அடுத்ததற்கு. பாலாற்று நீரைக் கொணரும் கம்பன் கால்வாய் கோவிந்தவாடி வழியாகப் பல ஏரிகளை நிறைத்துத் திருப்பெரும்புதூர் ஏரியை நோக்கி வருகின்றது. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தைச் சேர்கின்றது. மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரிகளின் மிகைநீரோ அடையாறாக உருக்கொள்கின்றது. ஆறு ஏரியை நிரப்பும் என்பதே பொதுவழக்கு. ஈண்டு ஏரிகளின் கலிங்குநீரே ஆறாயிற்று. அடையாற்றை இயற்கை ஆறு என்று மட்டும் எழுதுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

சிற்றேரிகட்குத் தொண்டை நாட்டில் ‘தாங்கல்’ என்பது பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் நிலைத்துள்ளது. இன்று நீர் இல்லாத தாங்கல்களும் பெயரால் தம்மை அறிவிக்கின்றன. தொண்டை நாட்டுச் செப்பேடுகள் நிலத்திற்கு எல்லை வகுக்குமிடத்துக் கால், ஓடை, ஏரிக்கரை ஆகியவற்றை அடிக்கடி கூறுதலின், இவற்றை ஊராட்சியின் நிலைத்த அடையாளங்களாக அக்காலத்தார் கருதினர் என்பது பெறப்படும்.

இனி, இவ்வொழுங்கை யார் காத்தனர் என்பதைக் காண்போம். உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் உலகறிந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக முப்பதின்மரைத் தேர்ந்து, பன்னிருவரைச் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்திற்கும், எஞ்சிய அறுவரை ஏரி வாரியத்திற்கும் அமர்த்தினர். பணிக்காலம் முந்நூற்றறுபது நாள். பழந்தமிழர் மக்களாட்சிக்குச் சான்று தேடுவார் குடத்தையும் ஓலையையும் வியந்து, ஏரி வாரியத்தின் அறுவரைக் கடந்து சென்றுவிடுகின்றனர். அவர்கள் ஆண்ட வைரமேக தடாகம் இன்றும் உளது. அதனைத் தூரெடுப்பதற்கென முதல் வைத்தமையை அவ்வூர்க் கல்வெட்டுக்களே கூறும். ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் ஒதுக்கினர். ‘ஏரியாயம்’ என்று வருவாய் ஒதுக்கினர்.

உத்திரமேரூருக்கு மேற்கே செய்யாற்றுப் பகுதியிலுள்ள உக்கல் இன்னும் தெளிவான சான்று தருகின்றது. அவ்வூர்க் கல்வெட்டுக்களையும் மணிமங்கலக் கல்வெட்டுக்களையும் ஹுல்ட்ஸ் ஒரே தொகுதியில் வெளியிட்டமையால் இரண்டையும் ஒருங்கே படிக்கும் வாய்ப்பு நமக்குளது. கம்பவர்மன் காலத்தில் உக்கற் சபையார் ஒருவரிடம் நெல்லை முதலாகப் பெற்று, அதன் பலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரி கல்லுவதாக ஒப்புக்கொண்டனர். கல்லுதல் என்றால் தோண்டுதல். தோண்டிய மண்ணைக் கரையில் இடுதலை அட்டுதல் என்பது கல்வெட்டு வழக்கு. கல்லுதலும் அட்டுதலும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்: உள்வாய் ஆழமாகும், கரை உயரும். பிற்காலத்து வந்த ‘குடிமராமத்து’ என்ற சொல்லிலோ இவ்விரண்டும் இல்லை. மராமத்து அரபுச் சொல். பழுதுபார்த்தல் என்பதே அதன் பொருள். ஏரிவேலை பழுது நேர்ந்தபின் செய்வது என்னும் எண்ணம் சொல்லோடு வந்து சேர்ந்தது போலும்.

அதே உக்கலில், முதல் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று பெருவழியருகே வெட்டிய கிணற்றையும் அதனோடு சேர்ந்த தொட்டியையும் பற்றியது. வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வழங்கும் அறம் அது. கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் இறைப்பவர்க்கு நெல், தண்ணீர் வார்ப்பவர்க்கு நெல், கலம் தரும் குயவர்க்கு நெல் என்று அளந்து வைத்துள்ளனர். ஏரியையும் தொட்டியையும் அக்காலத்தார் வேறுவேறாக அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா. ஏரிக்கு ஆண்டுக்கொருமுறை கல்லும் கூலி. தொட்டிக்கோ இறைக்குங்கூலி நாள்தோறும். ஏரிநீர் சரிவால் தானே செல்லும். தொட்டிநீரை எவரேனும் உயர்த்தியே தீர வேண்டும்.

சோழர்க்குப் பிற்பட்ட நிலையை விரிக்க இடமில்லை. கும்பினியார்க்கு நவாபு 1763இல் செங்கற்பட்டுச் சாகீரை அளித்தபின், 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க்கணக்கர் ஓலைகளையும் அடியாகக் கொண்ட அக்கணக்குகளில், களத்தில் நெல் பங்கிடுமுன் கோயிலுக்கும் கணக்கருக்கும் வெட்டியானுக்கும் எடுப்பதுபோலவே ஏரிக்கும் ஒரு கூறு எடுத்து வைத்தமை காணப்படுகின்றது. ஏரி ஊர்ப்பணியாளருள் ஒருவர்போல் பங்கு பெற்றது. 1780இல் ஐதரலியின் படையெடுப்பால் சீமை பாழ்பட்டது. 1794 முதல் 1798 வரை ஆட்சியராயிருந்த லயனல் பிளேசு பல ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகத்து ‘ஏரிகாத்த இராமர்’ கதை அவரைப் பற்றியதே. வருவாய் முழுதும் அரசுக்குச் சென்றபின் ஏரிக்கூறு மெல்ல மறைந்தது. உழைப்பை மட்டும் குடிகளிடம் கேட்டனர். 1858ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கியது. பங்கு இல்லாத இடத்தில் கட்டாயம் நெடுநாள் நில்லாது. 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தை அடுத்து, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி ஒவ்வோர் ஏரியாக அளந்து கலிங்கின் மட்டத்தை வகுத்தனர். ஊர் வழக்கிலிருந்த அளவு அன்றுதொட்டு அரசு ஏட்டிற்குச் சென்றது.

மேல்நிலைத் தொட்டி நம் ஊர்கட்கு வந்தது மின்சாரம் வந்த பின்னரே. குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் அமைந்தபின் அது ஊர்தோறும் பெருகியது. அது வேலை செய்யும் முறை எளிது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து எந்திரம் நீரை உயர்த்தும். பத்து மீட்டர் உயரம் ஏறிய நீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தத்தோடு குழாய்களில் இறங்கும். உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்திற்கு நீர் செல்லும் இயல்பே ஏரிக்கும் இதற்கும் அடிப்படை. உக்கலில் நீர் இறைத்தவன் பெற்ற நெல்லுக்கு ஈடாக இன்று ஊராட்சி மின்கட்டணமும் தொட்டி இயக்குபவரின் ஊதியமும் தருகின்றது. பெண்கள் நெடுந்தொலைவு குடஞ்சுமந்து நடந்த துன்பத்தை இத்தொட்டி குறைத்தது. அதனைப் பழித்தல் நம் நோக்கமன்று. வேறுபாடு ஒன்றையே சுட்டுவோம். தொட்டிக்கும் மிகைநீர்க் குழாய் உண்டு. நிறைந்தால் அதன்வழியே கொட்டும். கண்டவர் எந்திரத்தை நிறுத்தச் சொல்வர். அந்நீருக்கு உரியவர் எவருமில்லை, அது வீண். கலிங்குநீரோ ஒருபோதும் வீண்நீர் ஆகாது. அதற்குக் கீழூரார் உரியவர். ஏரியைத் தொட்டியாக எண்ணுவோர், கலிங்குநீரையும் வீண்நீராக எண்ணி, அது செல்லும் ஓடையை வெற்றிடமாகக் காண்பது இயல்பே.

இப்பிழை ஏட்டளவில் நில்லாதது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை 1998இல் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இப்பகுதியின் நிலப்பயன் முற்றும் மாறியது. வயல் குறைந்த ஊர்களில் தூம்பைத் திறப்பார் இலர். நீர்கட்டியின் வேலையும் அற்றது. ஏரியின் பரப்பைக் காக்க 2007இல் தனிச்சட்டம் பிறந்தது. பரப்பு எஞ்சிய ஏரிகளிலும் கலிங்கின் புறத்தே ஓடை ஒடுங்கியது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழையில், 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. மேலேரிகளின் மிகைநீரும் அடையாற்றின் பிற கிளைகளின் நீரும் அதனோடு சேர்ந்தன. அடையாற்றங்கரையில் உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் நேர்ந்தன. அதன்பின் எழுந்த சொற்போர் பெரிதும் ஒரே ஏரியின் மதகை எந்நேரம் திறந்தனர் என்பதைப் பற்றியது. அவ்வினா வேண்டியதே. ஆயினும் அவ்வேரிக்கு மேலே தொடராக நின்ற ஏரிகளின் கலிங்குகள் அன்று எவ்வாறு பாய்ந்தன என்பதும் அதே அளவு கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

2017 மார்ச்சுத் திங்களில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தபோது தொடக்கவிழா நிகழ்ந்த இடம் மணிமங்கலம் ஏரி. கூரம் செப்பேட்டில் போர்க்களமாக நாம் கண்ட ஊர் மீண்டும் அரசு ஏட்டில் இடம்பெற்றது. தூரெடுத்தலும் கரை உயர்த்தலும், அஃதாவது கல்லுதலும் அட்டுதலும், அத்திட்டத்தில் உண்டு.

தொழிற்சாலைகட்கு வேண்டும் நீருக்கு இப்பொழுது வேறொரு வழியும் காணப்பட்டுள்ளது. சென்னைக் கோயம்பேட்டில் கழிவுநீரை மும்முறை தூய்மைசெய்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீர் தரும் நிலையம் 2019இல் இயங்கத் தொடங்கியது. அந்நீர் குழாய்வழியே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகட்குச் செல்கின்றது. ஏரிகளின் கலிங்குநீர் எத்திசையில் நகரை நோக்கி இறங்கியதோ, அதற்கு எதிர்த்திசையில், எந்திரங்களால் உந்தப்பட்டு, நகரின் நீர் மணிமங்கலத்தின் மேற்கே ஏறிச் செல்கின்றது.